ஞாயிறு பத்து மணிக்கு எடுக்கிறோம்

செம்பூர்
14-11-2024

அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் பயமாக இருக்கிறது. "இருந்தா ஒனக்கென்ன, செத்தா ஒனக்கென்ன" என்று நீ சொல்வது இங்கேவரை கேட்கிறது. ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போனில் பத்து முறை முயன்றேன். மணியே அடிக்காமல் அறுந்துபோகிறது. உன் பேரன் முகேஷிடம் சொல்லி என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். அவன் போனுக்கு வாய்ஸ் அனுப்பலாம். ஆனால் உன் வீட்டில் அதை எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பீர்கள். தமிழில் எழுதிப் போட்டால் உன்னைத் தவிர அங்கே ஒருவருக்கும் படிக்க வராது. அந்தத் தைரியத்தில்தான் இந்தக் காகிதம்.

பட்டனுக்கு உடம்பு சரியில்லை. இரண்டு மாதம் பார்த்துக்கொள் என்று சொல்லி நாலு வருஷத்துக்கு முன் நீ இங்கே விட்டுப்போனபோது படியில் தாவித் தாவி ஏறின நாய், இப்போது இரண்டு கண்ணும் பால் விழுந்து குருடாகிவிட்டது. சுவரை ஒட்டியே நடக்கிறான். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். இன்னும் இரண்டு மாதமோ மூன்று மாதமோ. பதினாலு வயது என்பது அவன் இனத்துக்குப் பெரிய வயதாம்.

இன்னொன்று. எங்கள் கட்டிடத்தில் ஒரு அம்மாவின் கிழட்டுப் பூனையைப் படம் எடுக்க சபா என்று ஒரு பெண் வந்தாள். கோபர்கைரனேயிலிருந்து வருகிறாள். வயதான, சீக்கான வீட்டுப் பிராணிகளை மட்டும்தான் எடுப்பாளாம். பொம்மை, குல்லாய் என்று எதுவும் வைப்பதில்லை. அவை எங்கே படுக்குமோ அங்கேயே, ஜன்னல் வெளிச்சத்தில். இத்தனை வருஷம் நம்மோடு வாழ்ந்ததற்கு ஒரு மரியாதை என்கிறாள்.

பட்டனை எடுக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். அவன் உன்னோடு இருந்தது பத்து வருஷம், என்னோடு நாலு. படத்தில் நீயும் இருக்க வேண்டும். இதை எழுதக் கை கூசுகிறது. எழுதிவிட்டேன்.

பிரபாவதி

*

தாராவி
19-11-2024

பிரபாவுக்கு,

உன் காகிதம் வந்தது. நம்பரை முகேஷ் தடுத்தது நான் சொல்லித்தான். தடுப்பை எடுக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது என் பாடு.

நான் ஐந்தாம் வகுப்பு, நீ எஸ்.எஸ்.எல்.சி. நீ எழுதிய சிறுநீரகம் என்ற வார்த்தையை இரண்டு தரம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். புரிந்த பிறகு, ஏன்தான் எழுத்துக்கூட்டத் தெரிந்ததோ என்று இருந்தது.

நீ உன் வசதிக்கு விஷயங்களை மறந்துவிடுகிறாய். நான் மறக்கிற ஆள் இல்லை. எங்கள் வரிசை வீடுகளை இடித்ததால்தான் அவனை உன்னிடம் விட்டேன். புது ரூமின் சாவி கைக்கு வந்த மறுநாளே, புதுக் கழுத்துப்பட்டை வாங்கிக்கொண்டு அவனைக் கூட்டிப்போக வந்தேன். கதவைப் பாதி திறந்து நீ என்ன சொன்னாய்? "இங்க வந்த பெறகுதான்க்கா அவன் வீட்டு நாயா இருக்கான். அங்க தெருநாயாத்தான திரிஞ்சான்." என் வீடு தெருவா பிரபா? நீ பம்பாய்க்கு வந்து இறங்கி, வேலை கிடைக்கும்வரை ஒரு வருஷம் என் வீட்டில்தானே படுத்துக்கிடந்தாய். அப்போது நீயும் தெருவில் கிடந்தாயா?

கண் திறக்காத குட்டியாக என் வீட்டுக்காரரின் தையல் கடையில் பட்டன் சாக்குக்குள் கிடந்தவன் அவன். பேர் வைத்தது அவர்.

படம் எடுக்கிறாளாம் படம். என் வீட்டில் அவர் படம் மாட்டியிருக்கிறது, மாலை போட்டிருக்கிறது. நமக்கு வீட்டில் படம் என்றால் அதுதான். மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற பிராணியை, போகப்போகிறான் போகப்போகிறான் என்று முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வார்களா? அந்தப் பேச்சை விடு. பார்க்கவும் வரமாட்டேன்.

அவனுக்குப் பாவ் ரொட்டியை டீயில் நனைத்துக் கொடு. வெறும் ரொட்டியைத் தொடமாட்டான். உனக்கு இது தெரிந்திருக்காது.

கனகவள்ளி

*

அஞ்சலட்டை
செம்பூர், 26-11-2024

அக்கா,
மூன்று நாளாகப் பட்டன் ஒன்றும் சாப்பிடவில்லை. இனித் தள்ளிப்போட முடியாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு எடுக்கிறோம். முகம் பார்க்க வேண்டுமென்றால் அதற்குள் வந்துவிடு. வராவிட்டாலும் சரி.
பிரபா

*

தாராவி
2-12-2024

பிரபாவுக்கு,

என்னை எத்தனை பேர் முன்னால் தலைகுனிய வைக்க வேண்டும் என்று இருந்தாய்?

உன் கார்டு சனிக்கிழமை மத்தியானம் வந்தது. 'எடுக்கிறோம்' என்று எழுதியிருக்கிறாய். யார் வீட்டிலாவது சாவு என்றால் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி என்ன? "எப்ப எடுக்காவ?" அதற்கு மேல் 'முகம் பார்க்க' என்று வேறு. ஐந்தாம் வகுப்புக்காரி தப்பாகப் படித்துவிட்டாள் என்று சொல்லிச் சிரித்துவிடாதே. எம்.ஏ. படித்தவனிடம் அந்தக் கார்டைக் காட்டு. அவனும் மாலையோடுதான் வந்து நிற்பான்.

சனிக்கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறு காலை எழுந்து, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போய் நம் பூக்காரரிடம் ரோஜாவும் சம்பங்கியும் வைத்துக் கட்டச் சொன்னேன். "யாருக்கும்மா?" என்றார். வீட்டுப் பையன் என்றேன். வேறு என்ன சொல்ல? "வயசு?" என்றார். பதினாலு என்றேன். மனுஷர் கையிலிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு மாலையை இரட்டை மடங்கு கனமாகக் கட்டினார். இனி அந்தக் கடைப் பக்கம் நான் எப்படிப் போவேன்?

டாக்சியில் மடியில் மாலையை வைத்துக்கொண்டு வந்தேன். உன் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கதவு திறந்து கிடப்பதைப் பார்த்ததும் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போயிற்று. உள்ளே ஒரு பெண் தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தாள். யாரோ தெரியாத பிள்ளை, இப்படி விழுந்து அழுகிறதே என்று முதுகைத் தடவிக்கொடுக்கப் போனேன். கிட்டே போனால் கையில் கேமரா. எதிரே ஜன்னலோரம் மெத்தையில் பட்டன். வயிறு ஏறி இறங்குகிறது.

"ஏலே, நீ இருக்கியாலே!" என்று கத்திவிட்டேன்.

அந்தப் பிள்ளை திரும்பி, என் கையைப் பார்த்து முகம் மலர்ந்து, "ஆன்ட்டி, மாலா கித்னா சுந்தர் ஹை! பெஹ்னாவோ நா" என்கிறாள். மாலை அழகாக இருக்கிறதாம், அவன் கழுத்தில் போட வேண்டுமாம். உயிரோடு இருக்கிறவனுக்குச் சாவு மாலையை! நீ சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாய். சிரித்தாயா, பதறினாயா, எனக்குத் தெரியாது. மாலையைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கிவிட்டேன். அவனைத் தொடக்கூட இல்லை.

மாலையை வீட்டுக்குள் வைக்காதே. கடலிலோ கிணற்றிலோ போடு.

கனகவள்ளி

*

செம்பூர்
9-12-2024

அக்கா,

சிரிக்கவில்லை. உன் புருஷன், என் அத்தான் மேல் ஆணை.

தப்பு என்னுடையது. படம் என்றாலே உனக்கு ஆகாது என்று எழுதியிருந்தாயே, அதனால் கார்டில் அந்த வார்த்தை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். உன் காகிதத்தைப் படித்த கோபமும் இருந்தது; நாலு வரிக்கு மேல் எழுதக் கூடாது என்று எழுதினேன். அந்த ஒரு வார்த்தை இல்லாததால் நீ மாட்டுங்கா போய் மாலை கட்டிக்கொண்டு வர வேண்டியதாகிவிட்டது. முகம் பார்க்க என்று எழுதியது, நீ வந்து அவனைப் பார்க்க மாட்டாயா என்கிற ஆசையில்தான். நினைத்துப் பார்த்தால் எனக்கே அது சாவு கார்டு மாதிரித்தான் இருக்கிறது.

நீ போன பிறகு சபாவிடம் விளக்கிச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். கல்யாண மாலை என்று நினைத்தாளாம். உன்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள்.

பட்டன் இப்போது சாப்பிடுகிறான். டீயில் நனைத்த பாவ்தான். எனக்குத் தெரிந்திருக்கவில்லை. உண்மை.

படங்கள் வந்துவிட்டன. அவள் கொடுத்ததில் நாலு அனுப்பியிருக்கிறேன். ஒன்று அவன் மூக்கு, நரைத்த மீசையோடு. ஒன்று முன்னங்கால்கள், ஒன்றின் மேல் ஒன்று போட்டு. ஒன்று நானும் அவனும். அதில் என்னைப் பார்க்காதே, தலை வாரவில்லை. நாலாவதில் அவனே இல்லை. நடையில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், சுவரெல்லாம் ஒரு அழுக்குக் கோடு ஓடுகிறது பார். கண் போனதிலிருந்து படுக்கையிலிருந்து தண்ணீர்ச் சட்டிக்கும் அங்கிருந்து வாசலுக்கும் உடம்பை உரசி உரசி நடந்து அவன் போட்ட கோடு. தீபாவளிக்கு வெள்ளையடிக்க வந்தவனிடம் அந்தச் சுவரை மட்டும் விடு என்று சொல்லிவிட்டேன். சபா அதன் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

வேறு என்ன எழுத? எழுத இருக்கிறது. இப்போது வேண்டாம்.

பிரபா

*

தாராவி
16-12-2024

பிரபாவுக்கு,

படங்களைப் பார்த்தேன். முதலில் பார்க்கக் கூடாது என்று அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அரை மணி நேரம் தாங்கவில்லை.

நன்றாகத்தான் எடுத்திருக்கிறாள். அவன் மூக்கில் ஒரு வெட்டுத் தழும்பு தெரிகிறதே, அது கடையில் கத்தரிக்கோலோடு விளையாடி வாங்கியது. அது படத்தில் இவ்வளவு தெளிவாக இருக்கும் என்று நினைக்கவில்லை. என் வீட்டுக்காரர் படத்தில்கூட அவர் நெற்றித் தழும்பு தெரியாது. ஸ்டூடியோக்காரன் அழித்து வழுவழுவென்று ஆக்கிவிட்டான். அது அவர் மாதிரியே இல்லை என்று எனக்கு இத்தனை வருஷமாக ஒரு குறை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

சுவரைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத வரவில்லை.

'அவள் கொடுத்ததில் நாலு' என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் ஐந்தாவதும் இருக்கிறது. நீ சின்னப் பிள்ளையிலும் இப்படித்தான். முறுக்கைத் திருடிவிட்டு, 'நான் எடுத்ததில் ரெண்டு அக்காவுக்கு' என்று நீயே வந்து மாட்டிக்கொள்வாய்.

அது என்னவோ, இருக்கட்டும். நான் ஒன்று கேட்கிறேன், அதற்குப் பதில் எழுது. அன்றைக்குக் கழுத்துப்பட்டையோடு வந்தேனே, நீ சொன்ன வார்த்தையையா நான் மூன்று வருஷமாகச் சுமக்கிறேன் என்று நினைக்கிறாய்? உன் வாய்க்கு நான் பயந்தவளா? நாம் வாசலில் அத்தனை சத்தமாகச் சண்டை போட்டோம். உள்ளேதான் இருந்தான். என் குரலைக் கேட்டும் ஒரு குரைப்பு இல்லை. எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்து வருஷம் என் கையால் தின்றவன். அதற்கு அப்புறம் எந்த முகத்தோடு நான் அங்கே வருவேன்? வந்து கூப்பிட்டு, அவன் என்னிடம் வராமல் உன் காலடியிலேயே படுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்?

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தானே. நான் கத்தினேன். அவன் திரும்பினானா? நீ பார்த்திருப்பாயே. பொய் எழுதாதே.

கனகவள்ளி

*

செம்பூர்
20-12-2024

அக்கா,

இதற்கு முன் மூன்று தாள் கிழித்துப் போட்டேன்.

அன்று அவன் வராததற்குக் காரணம் இருக்கிறது. நீ கீழே கேட்டில் வாட்ச்மேனிடம் பேசுவதை பால்கனியிலிருந்து பார்த்தேன். உன் கையில் கழுத்துப்பட்டை இருந்தது. அவனைக் குளியலறைக்குள் தள்ளி, முன்னால் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைக் கொட்டி, கதவைப் பூட்டி, குழாயையும் திறந்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தத்தில் உன் குரல் அவனுக்குக் கேட்டிருக்காது. பிறகுதான் உனக்குக் கதவைத் திறந்தேன். தெருநாய் என்று சொன்னதும் நீ கோபப்பட்டு உடனே போய்விட வேண்டும் என்றுதான். நீ அப்படியே போய்விட்டாய்.

அப்போது என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம். பேச்சு போய்விட்டது. வீட்டில் பகல் முழுக்க நான் பேசுவேன், பதில் இருக்காது. பட்டன் அவர் கட்டிலுக்குக் கீழேயே கிடப்பான். அவர் நல்ல கையைத் தொங்கப்போட்டு அவன் காதைத் தடவுவார். அவர் முகத்தில் அந்த நேரம் மட்டும்தான் ஏதோ அசையும். நான் உன்னிடம் இதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நீ அவனை விட்டுவிட்டுத்தான் போயிருப்பாய். எனக்குத் தெரியும். கேட்க முடியவில்லை. நீ கொடுத்து நான் வாங்கியதாகவே எல்லாம் இருந்திருக்கிறது, இதையுமா என்று இருந்தது. அவரும் போன பிறகு, அவனையும் கொடுத்துவிட்டால் இந்த வீட்டில் மூச்சு விடுவது நான் மட்டும்தான்.

ஐந்தாவது படத்தை இதோடு வைத்திருக்கிறேன். சபா அன்றே காட்டினாள். இதுதான் எல்லாவற்றிலும் நல்லது என்றாள். நான் பீரோவில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். உன்னிடம் கொடுத்தால் அவனையும் கொடுக்க வேண்டிவரும் என்று தெரியும்.

திரும்பினானா என்று கேட்டாயே. பார்த்துக்கொள்.

பிரபா

*

தாராவி
26-12-2024

பிரபாவுக்கு,

இரண்டு நாள் உன்னை வைதேன். பாத்திரம் கழுவும்போது, துணி மடிக்கும்போது, லிஃப்டில் போகும்போது. முகேஷ், "கிஸ்கோ திட்டுற பாட்டி?" என்றான். "ஒன் சின்னப் பாட்டியத்தாம்ல" என்றேன். "அப்ப நம்பர் அன்பிளாக் பண்ணிடவா?" என்றான். பண்ணு என்றேன். ஆனால் நீ போன் பண்ணாதே. போனில் உன்னை முழுசாக வைய முடியாது, நடுவில் அழுதுவிடுவாய்.

குளியலறையில் பூட்டினாளாம். குழாயைத் திறந்தாளாம். உனக்கு எங்கேயிருந்து வந்தது இந்தப் புத்தி? உன் வீட்டுக்காரரைப் பார்க்க நான் ஒரு தரம்கூட வரவில்லையே. அவர் போன அன்றும், பத்தாம் நாளும், ஆள் அனுப்பினேனே தவிர நான் வரவில்லையே. ஒரு நாய் கூப்பிட்டு வரவில்லை என்கிற வெட்கத்துக்கு நான் இதையெல்லாம் செய்திருக்கிறேன். உன்னை வைதது முடிந்த பிறகு என்னை வைய ஆரம்பித்தேன். அது இன்னும் முடியவில்லை.

படத்தில் என் முதுகு தெரிகிறது, வாசல்படி தாண்டுகிறேன். எனக்குப் பின்னால் அவன் நிற்கிறான். நாள் கணக்கில் சாப்பிடாதவன். மெத்தைக்கும் வாசலுக்கும் நடுவில், எந்தச் சுவரையும் தொடாமல், நட்ட நடு அறையில் நாலு காலில் நின்று மூக்கைத் தூக்கிக்கொண்டிருக்கிறான். வால் ஒரு பக்கமாகக் கலங்கித் தெரிகிறது. வால் ஆடினால் கேமராவில் அப்படித்தான் விழும் என்று முகேஷ் சொன்னான்.

உடனே டெம்போ பிடித்து அவனைத் தூக்கி வந்துவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். சேலைகூட மாற்றிவிட்டேன். செருப்பைப் போடும்போது அந்தச் சுவர்ப் படம் ஞாபகம் வந்தது. அங்கே அவனுக்குத் தண்ணீர் எங்கே, வாசல் எங்கே என்று உடம்பே சொல்லும். இங்கே ஏழாவது மாடியில் எங்களைத் தவிர அவனுக்குத் தெரிந்தது ஒன்றும் இல்லை. சுவரெல்லாம் புதுசு. கண்ணில்லாதவனைக் கொண்டுவந்து முட்ட விடவா? செருப்பைக் கழற்றிவிட்டேன்.

அவன் இங்கே வர வேண்டாம். நான் அங்கே வருகிறேன். திங்கட்கிழமை. எத்தனை நாள் என்று கேட்காதே. நடுக்கூடத்தில் படுப்பேன், கட்டில் போட்டு உபசாரம் வேண்டாம். காப்பியில் சர்க்கரை இல்லாமல். மாலையைப் பற்றி யாரும் பேசக் கூடாது, அந்த சபா பிள்ளையும்தான்.

வரும்போது குளியலறைக் கதவு திறந்திருக்க வேண்டும்.

கனகவள்ளி

*

செம்பூர்
3-1-2025

பிரபா,

ஒரே வீட்டில் இருந்துகொண்டு காகிதம் எழுதுகிறேன். நீ பால் வாங்கப் போயிருக்கிறாய். வருவதற்குள் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் வைத்துவிடுகிறேன். வாயால் சொல்ல எனக்கு வராது.

திங்கட்கிழமை வந்ததும் "ஏலே" என்றேன். எழுந்து வந்தான். சேலைத் தலைப்பு, கை, கால் எல்லாம் முகர்ந்து, முனகி, என் முழங்காலில் தலையை வைத்து அழுத்தினான். அரை நாழிகை இருக்குமா? அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து உன்னிடம் போனான். உன் பாதத்தின் மேல் மோவாயை வைத்துப் படுத்துவிட்டான். நீ என்னை நிமிர்ந்து பார்க்காமல் வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தாய். சாம்பாருக்கு அத்தனை வெங்காயம் எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

இது நடந்துவிடுமோ என்றுதான் மூன்று வருஷம் பயந்துகிடந்தேன். நடந்தது. நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். மண்டை வெடிக்கவில்லை. நீ காலை அசைக்காமல் இருப்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரம். குக்கர் விசில் அடித்தும் நீ எழுந்திருக்கவில்லை. பருப்பு அடிப்பிடித்த வாடை வந்தது. "அக்கா, கொஞ்சம் அடுப்ப அணையேன்" என்று மெதுவாகச் சொன்னாய், அவன் காதில் விழாமல். மூன்று வருஷத்தில் நீ என்னிடம் கேட்ட முதல் உதவி.

நேற்று ராத்திரி அவன் இரண்டு பேருக்கும் நடுவில் படுத்தான். இன்றைக்கு எழுந்திருக்கச் சிரமப்படுகிறான். நான் தூக்கி நிறுத்தினேன். எலும்புதான் கையில் வருகிறது. டாக்டரிடம் போவதானால் இரண்டு பேரும் போவோம். தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து பாதியை மறைக்காதே.

எட்டு மணி மாத்திரையை நான் கொடுத்தாகிவிட்டது. நீ மறுபடியும் கொடுத்துவிடாதே.

அக்கா